ஒருவருக்கு ஒரு பாட்டில்

என் மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் வரை அவளுக்குத் தினமும் காலையில் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தேன்.

சாப்பாடு என்பது நாங்கள் வைத்த பேர். இளஞ்சிவப்பாக ஒரு திரவம். சர்க்கரை, உப்பு, புரதம், இன்னும் முப்பது சாமான் அதில் இருக்கும். நான் வேலை பார்ப்பது முதுமையை ஆராயும் ஒரு நிலையத்தில், செல் வளர்க்கும் அறையில். மனிதர்களின் தோலிலிருந்து அரிசி அளவு துண்டு எடுப்போம். அதிலுள்ள செல்களுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தினால் அவை தங்கள் வயதை மறந்துவிடும். கருவில் இருந்த நிலைக்குத் திரும்பும். பிறகு அவற்றை எதுவாக வேண்டுமானாலும் ஆக்கலாம். இதயத் தசையாக, நரம்பாக, விழித்திரையாக. எண்பது வயதுக்காரரின் செல்லும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இருபத்தேழு வயதுக்காரியின் செல்லும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இரண்டு பூஜ்யமும் ஒன்றுதானா என்பது ஆராய்ச்சி.

அதற்குப் பன்னிரண்டு முதியவர்களும் பன்னிரண்டு இளைஞர்களும் தேவைப்பட்டார்கள். முதியவர்கள் வரிசையில் வந்தார்கள். இளைஞர்கள் வரவில்லை. நிலையத்தின் தலைவரை நாங்கள் டாக்டரம்மா என்போம். உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் கூட்டிவாருங்கள் என்றார். நான் அவளைக் கூட்டிப்போனேன்.

"வலிக்குமா?" என்றாள்.

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்."

"நீ குடுத்தியா?"

"எனக்கு ஊசின்னா பயம்."

"அப்ப என்னைத் தள்ளி விடுற. நல்லாயிருப்ப."

இடது கையின் உட்பக்கம் எடுத்தார்கள். மூன்று நாள் கட்டுப் போட்டிருந்தாள். கேட்டவர்களிடமெல்லாம் "கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகல, புருஷன் தோலை உரிச்சிட்டான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். எங்கள் பதிவேட்டில் அவள் பெயர் இ-4. இளையவர், நான்காவது ஆள்.

இருபத்தொன்பதாவது வயதில் அலுவலக லிஃப்டில் அவள் மூளையில் ஒரு ரத்தக் குழாய் வெடித்தது. அப்போது நான் ஹூட்டில் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி முகப்பு வைத்த, சுத்தமான காற்று ஓடும் பெட்டி அது. செல் தட்டுகளை அதற்குள் வைத்துத்தான் திறப்போம். செல் அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வெளியே லாக்கரில் அது பதினொரு முறை அடித்திருக்கிறது.

காரியத்துக்கு வந்த அத்தை, அவளுடைய அம்மா, திரும்பிப் போகவில்லை. போக முடியவில்லை. அவருக்கு இரண்டு கண்ணிலும் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டிருந்தது. வயதானால் வருவது. இடது கண் முடிந்துவிட்டது. வலது கண்ணில் ஓரம் மட்டும் மிச்சம். நேராகப் பார்த்தால் எதிரே உள்ளவர் முகம் இருக்குமிடத்தில் ஒரு புகைக் குண்டு இருக்குமாம். அதனால் என்னைப் பார்க்க வேண்டுமென்றால் ஜன்னலைப் பார்ப்பார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே திட்டுவார்.

"பதினோரு தடவை அடிச்சிருக்கு. பன்னெண்டாவது தடவை எடுத்திருப்பீங்களோ மாப்பிள்ளை?"

சில நாள் அவர் பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

"கண்ணு மட்டும் திரும்பட்டும். இந்த வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன். என் தங்கச்சி, அவ வீட்டுக்கு எதிர்லயே ஒரு ரூம் பாத்து வெச்சிருக்கா. நான் பாட்டுக்கு சமைச்சு சாப்பிட்டு இருப்பேன்."

"நானும் அதைத்தான் வேண்டிக்கிறேன் அத்தை."

"வேண்டிக்க மட்டும் தெரியும்."

கண் திரும்ப ஒரு வழி இருந்தது. டாக்டரம்மா விழித்திரைச் சோதனை ஒன்றை ஆரம்பித்திருந்தார். செல்களை விழித்திரைப் படலமாக வளர்த்து, பருப்பு அளவு வெட்டி, கண்ணுக்குள் வைப்பது. வெளியில் செய்து பார்த்த சில இடங்களில் தேய்மானம் நின்றிருந்தது. சிலருக்குப் பார்வை கொஞ்சம் திரும்பியும் இருந்தது. பட்டியலில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். அத்தையின் சொந்தச் செல்லிலிருந்து செய்ய ஒன்றரை வருடம் ஆகும். அவர் வலது கண்ணுக்கு அவ்வளவு காலம் இல்லை. ஒரு நாள் தன்னை நிலையத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னார். டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் காதுக்குப் பின்னால் எங்கோ பார்த்தபடி சொன்னார்:

"எம்பொண்ணோட செல்லு இங்க உயிரோட இருக்காமே டாக்டர். அவ வழியா நான் உலகத்தைப் பாத்துட்டுப் போறேனே."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மகளின் செல் தாய்க்குப் பாதி பொருந்தும், மருந்து குறைவாகப் போதும் என்று விஞ்ஞானக் காரணமும் கிடைத்தது. அத்தை முதல் ஆள் ஆனார்.

அதன்பின் மாதம் ஒரு முறை வருவார். நான் இ-4 தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துத் திரையில் போட்டுக் காட்டுவேன். அவர் சுவரைப் பார்த்தபடி திரையைப் பார்ப்பார்.

"சாப்பிடுறாளா?"

"நல்லா சாப்பிடுறா அத்தை."

"வீட்ல இருந்தவரைக்கும் பாதியை மிச்சம் வெப்பா."

நடைபாதை பெஞ்சில் அவருக்கு ஒரு சிநேகிதரும் கிடைத்தார். மு-9. நீச்சல் பயிற்சியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எண்பத்து மூன்று. நாங்கள் நீச்சல்காரர் என்போம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடுக்க வருவார். என்னைக் கண்டால் "எம் பசங்க அடங்குறானுங்களா?" என்பார். அடங்கவில்லை. இருபத்து நான்கு பேரில் வேகமாக வளர்ந்தவை அவர் செல்கள்தான். ஒரு நாள் கவனிக்காமல் விட்டால் தட்டு நிரம்பி ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். அத்தையிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. "ஏம்மா, எனக்கு எண்பத்து மூணு, எஞ்செல்லுக்குப் பூஜ்யம். சராசரி போட்டா நாப்பத்தொண்ணுதானே வருது? பொண்ணு பாக்கலாமா?" அத்தை சிரித்தார்.

படலம் தயாரானது. ஐந்து கிண்ணங்களில், தேநீர்க் கறை மாதிரி பழுப்பாக. விழித்திரைச் செல்கள் முதிர்ந்தால் அந்த நிறம் வரும். அந்த நிறம் வர எட்டு மாதம் ஆகியிருந்தது. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் என்று முடிவானது. மனித உடலுக்குள் வைக்குமுன் செல் யாருடையது என்று வெளியில் அனுப்பிச் சோதிக்க வேண்டும். அது சடங்குக்காகச் செய்வது. அனுப்பினேன்.

ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முந்தைய திங்கட்கிழமை பதில் வந்தது. ஒரே பக்கம்.

இ-4 என்று குறியிட்ட மாதிரி: ஆண். மு-9 உடன் முழுமையாகப் பொருந்துகிறது.

குறி மாறிப்போயிருக்கும் என்று நினைத்தேன். நைட்ரஜன் தொட்டியைத் திறந்தேன். தட்டு நிரம்பியதும் செல்களைப் பிரித்துப் புதிய தட்டில் போடுவோம். அது ஒரு தலைமுறை. சில தலைமுறைகளுக்கு ஒரு முறை கொஞ்சம் எடுத்துக் குப்பியில் உறைய வைப்போம். இருந்த எல்லாவற்றிலிருந்தும் துளி எடுத்து அவசரமாக அனுப்பினேன். இருபதாம் தலைமுறையில் அவள் மட்டும் இருந்தாள். இருபத்திரண்டில் அவளும் ஓர் ஆணும் பாதிப்பாதி. இருபத்தைந்தில் அவள் இல்லை.

இருபத்தொன்றைப் பிரித்த தேதி என் கையெழுத்தில் இருந்தது. அவள் இறந்த நான்காம் நாள்.

அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. வீடு நிறைய உறவினர்கள். சாவு எப்படி வந்தது என்று ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. எழுந்து வேலைக்கு வந்துவிட்டேன். செல் அறையின் முதல் விதி, ஹூட்டுக்குள் ஒரு நேரத்தில் ஒருவர். ஒருவருக்கு ஒரு பாட்டில். ஒருவர் முடிந்தபின் துடைத்து, அரை மணி நேரம் காற்றோட விட்டு, அடுத்தவர். அன்றைய முறைப்படி முதலில் மு-9, மதியத்துக்கு மேல் இ-4. மதியம் வரை என்னால் பொறுக்க முடியவில்லை. இரண்டையும் சேர்த்து எடுத்தேன். இரண்டுக்கும் ஒரே பாட்டிலிலிருந்து சாப்பாடு ஊற்றினேன். நீச்சல்காரரின் செல் ஒன்று, அல்லது இரண்டு, அந்தப் பாட்டிலுக்குள் போயிருக்கும். அது போதும். மூன்று வாரத்தில் அவளைத் தின்று முடித்துவிட்டது. இடையில் ஒரு சோதனை செய்திருக்க வேண்டும். அந்த மாதம் கருவி பழுது. பிறகு யாரும் நினைக்கவில்லை, நானும்தான்.

டாக்டரம்மா ஒரு நிமிடம் திட்டினார். கல்லூரி முதல் வருடப் பிள்ளைகூட இதைச் செய்யாது என்றார். பிறகு நாற்காலியில் சாய்ந்து மேலே பார்த்தார். முகம் மெல்ல மாறியது.

"எண்பது வயசுக்காரரோட செல்லு, இருபத்தேழு வயசுக்காரி செல்லை மூணே வாரத்துல காலி பண்ணியிருக்கு."

"ஆமா மேடம்."

"முதுமையை அழிச்சுட்டு ஆரம்பிச்சா, இளமையை விட வீரியமா வருதோ என்னவோ. இது ஒரு பேப்பர்ப்பா. குப்பி குப்பியா ஆதாரம் இருக்கு." அப்புறம் என்னைப் பார்த்தார். "சாரி. உன் சங்கடம் புரியுது."

இருபதாம் தலைமுறையில் ஒரு குப்பி மிச்சம் இருந்தது. அவள் மட்டும் இருந்த கடைசிக் குப்பி. அதை உருக்க அனுமதி கேட்டேன். கொடுத்தார். உருக்கிப் புதிய தட்டில் விட்டேன். பிழைத்த செல் தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு காலை நீட்டும். செத்தது மிதக்கும். முதல் நாள் மிதந்தது. இரண்டாம் நாள் நான்கு செல் ஒட்டியிருப்பதாகத் தோன்றியது. மூன்றாம் நாள் அவை தூசி என்று தெரிந்தது. நான்காம் நாளும் தட்டை இன்குபேட்டரிலேயே வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் அதை எடுக்கச் சொன்னது டாக்டரம்மா. இடம் அடைக்கிறது என்றார்.

அன்றைக்கே என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"அந்த அஞ்சு கிண்ணத்தைப் பத்தி யோசிச்சேன். செல்லுல ஒரு குறையும் இல்ல. ஆளுதான் வேற. உன் மாமியார் சம்மதிச்சா மு-9ன்னே வெச்சு ஆபரேஷன் பண்ணலாம். நிராகரிப்புக்கு மருந்து கூடுதலா ஆகும், அவ்வளவுதான். வியாழக்கிழமை கமிட்டி கூடுது, அனுமதி வாங்கிடுவேன். அதுவரைக்கும் அந்த ரிப்போர்ட்டை வாங்கிக்கிட்டதா கையெழுத்துப் போடாத."

அதற்குக் காரணம் உண்டு. ஆள் மாறிய செல் என்று அறிக்கை வந்தால், அதற்குப் பொறுப்பானவர் கையெழுத்திட்ட அன்றே அந்தச் செல்லை அழிக்க வேண்டும். பொறுப்பானவர் நான்.

"வேற ஆளோட செல்லுல புதுசா பண்ண எட்டு மாசம் ஆகும்," என்றார். "அந்தக் கண்ணு மூணு மாசம் தாங்கினா பெரிசு. அதுக்கப்புறம் வெச்சும் பிரயோஜனம் இல்ல. நல்லபடியா பேசு."

சம்மதப் படிவத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அத்தை சாப்பாட்டு மேசையில் துவைத்த துணிகளைக் குவித்து மடித்துக்கொண்டிருந்தார். விரலால் விளிம்பைத் தேடி, மூலையோடு மூலை சேர்த்து, தடவி விடுவார். கண் தெரிந்தவர்களைவிட நன்றாக இருக்கும்.

"அத்தை, ஒரு விஷயம்."

"செவ்வாய்க்கிழமை தள்ளிப்போச்சா?"

"அந்தச் செல்லு அவளோடது இல்ல."

கை நிற்கவில்லை. "பின்ன யாரோடது?"

"நீச்சல்காரரோடது. ரெண்டு வருஷமாவே. நான்தான் கலந்துட்டேன்."

"அவளோடது?"

"ஒண்ணும் இல்ல. கடைசிக் குப்பியையும் எடுத்துப் பாத்தேன். பிழைக்கல."

ஒரு சட்டையை மடித்து முடித்தார். என்னுடைய சட்டை. நான் காத்திருந்தேன். அழுவார், அடிப்பார், பதினொன்றோடு இன்னொன்றைச் சேர்ப்பார் என்று நினைத்தேன். எதற்கும் தயாராக இருந்தேன். உண்மையில் அதற்காகத்தான் வேகமாக வீட்டுக்கு வந்திருந்தேன்.

"அப்போ செவ்வாய்க்கிழமை?"

"என்ன செவ்வாய்க்கிழமை?"

"ஆபரேஷன் மாப்பிள்ளை. உண்டா, இல்லியா?"

கமிட்டி, மருந்து, புதிய சம்மதம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுதாகக் கேட்கவில்லை.

"குடுங்க. எங்க போடணும்னு விரலைப் பிடிச்சு வைங்க."

"அத்தை, அது அவ இல்ல."

"காது நல்லாத்தான் கேக்குது. கண்ணுதான் போச்சு."

"அவ வழியா பாக்கணும்னு சொன்னீங்க."

"சொன்னேன். நாப்பது பேரு முன்னாடி நிக்கிறாங்க. கிழவி எனக்குக் கண்ணு குடுன்னா குடுத்துடுவாங்களா? அந்த டாக்டரம்மாவுக்கு மனசு இளகற மாதிரி நாலு வார்த்தை பேசினேன். காரியம் ஆச்சு."

"மாசாமாசம் வந்து பாத்தீங்களே?"

"எனக்கு அதுல என்ன தெரியும்? கழுவின தண்ணி மாதிரி ஒரு கலங்கல். நீங்க பக்கத்துல மூச்சைப் பிடிச்சுட்டு நிப்பீங்க. சாப்பிடுறாளான்னு கேட்டா உங்க குரல்ல கொஞ்சம் உசிரு வரும். பாவமேன்னு கேட்டு வெச்சேன்." அடுத்த துணியை எடுத்தார். "எம்பொண்ணை எடுத்துட்டுப் போன அன்னிக்கே நான் அனுப்பிட்டேன். நீங்கதான் கிண்ணத்துல வெச்சுக் கொஞ்சிட்டிருந்தீங்க."

பிறகு துணி அவர் கையில் அப்படியே நின்றது. தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து ஓரடி கிட்டே போனேன்.

சிரித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருஷமா," என்றார், மூச்சு வாங்க, "ரெண்டு வருஷமா ஒரு கிழவனைக் கொஞ்சியிருக்கீங்க மாப்பிள்ளை! அந்த ஆளுக்குத் தெரிஞ்சா, பொண்ணு கிடைக்கலன்னா மாப்பிள்ளையாவது கிடைச்சானேம்பான்!"

கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பார்க்க முடியாத கண்ணிலும் நீர் வந்தது. அந்த வீட்டில் இரண்டு வருடத்தில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை. கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்பு. நானும் சேர்ந்துகொண்டிருக்கலாம்.

விரலைப் பிடித்துக் கோட்டில் வைத்தேன். கையெழுத்துப் போட்டார். கடைசி எழுத்து கோட்டைவிட்டு இறங்கி மேசையில் முடிந்தது.

மறுநாள் எட்டு மணிக்கு நிலையத்துக்குப் போனேன். படிவம் பைக்குள் இருந்தது. அதை எடுக்கவில்லை. சோதனை அறிக்கையை எடுத்து, பெற்றுக்கொண்டேன் என்ற இடத்தில் கையெழுத்திட்டு, தேதியும் நேரமும் எழுதினேன். பிறகு செல் அறைக்குப் போனேன்.

ஹூட்டைத் துடைத்தேன். ஐந்து கிண்ணங்களையும் வரிசையாக வைத்தேன். புதிய பிப்பெட் எடுத்தேன். ஒவ்வொன்றிலும் பிளீச் விட்டேன். இளஞ்சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் தண்ணீராகும். அது சில நொடி. பழுப்பு மட்டும் லேசில் போகவில்லை. ஓரத்திலிருந்து வெளுத்தது. நடுவில் ஒரு புள்ளி கொஞ்ச நேரம் நின்றது. விதிப்படி இருபது நிமிடம். கடிகாரத்தில் வைத்து உட்கார்ந்திருந்தேன். பத்தாவது நிமிடத்திலேயே ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் இருபது முடியும்வரை இருந்தேன். அழித்த பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில் 'ஆள் மாற்றம்' என்று எழுதினேன்.

டாக்டரம்மா பதிவேட்டைப் படித்தார். திரும்பப் படித்தார்.

"நான் சொன்னது காதுல விழலியா?"

"விழுந்தது மேடம்."

"அவங்க சம்மதிக்கலியா?"

பையிலிருந்து படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். கோட்டைவிட்டு இறங்கிய கையெழுத்தை அவர் வெகுநேரம் பார்த்தார்.

"விதியைத்தான் செஞ்சிருக்க. உன்னை நான் ஒண்ணும் கேக்க முடியாது." படிவத்தை நான்காக மடித்தார். "நாளையிலேருந்து எலிக் கூடத்துக்குப் போ. என் கண்ணுல படாத."

மாலையில் அத்தையிடம் சொன்னேன். மறைக்கத் தோன்றவில்லை. கமிட்டி மறுத்துவிட்டது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்.

"ஊத்திட்டேன் அத்தை. அஞ்சையும்."

ஜன்னல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நேத்து நான் சிரிச்சேன்னுதானா?"

"ஆமா."

"அதுக்காகவா?"

"ஆமா."

"அவ உயிரோட இருந்திருந்தா," என்றார், "உன்னை விட்டுட்டு வந்திருப்பாடா." என்னை அவர் ஒருமையில் அழைத்தது அப்போது மட்டும்தான்.

தங்கைக்குப் போன் போட்டுத் தரச் சொன்னார். போட்டேன். ரூம் வேண்டாம் என்றார். "தனியா எப்படி இருப்பேன்? மாப்பிள்ளை பாத்துக்கிறாரு. ரொம்ப நல்லாப் பாத்துக்கிறாரு. இங்கேயே இருந்துடறேன்." குரலில் ஒன்றும் இல்லை. போனை என்னிடம் நீட்டி, "வெச்சிடுங்க மாப்பிள்ளை" என்றார்.

நேற்று நிலையத்திலிருந்து அவர் பேருக்கு ஓர் உறை வந்தது. சோதனையிலிருந்து விலக்கப்பட்டவர்களுக்கு அவர்களிடம் எடுத்த பரிசோதனை முடிவுகளை அனுப்புவது வழக்கம். படிக்கச் சொன்னார். நின்றுகொண்டே படித்தேன். ரத்தம், சர்க்கரை, சிறுநீரகம், எல்லாம் சரி. கடைசிப் பக்கத்தில் உடலின் வயது. மரபணுவின் மேல் படியும் அடையாளங்களை எண்ணி, பிறந்த தேதியை விட்டுவிட்டு, உடம்புக்கு உண்மையில் எத்தனை வயது என்று சொல்வார்கள்.

"உங்களுக்கு அறுபத்திரண்டு," என்றேன். "உடம்புக்கு நாப்பத்தாறுன்னு வந்திருக்கு."

"நல்லதா, கெட்டதா?"

"ரொம்ப நல்லது. இவ்வளவு குறைவா யாருக்கும் வந்து நான் பாத்ததில்ல."

"எத்தனை வருஷம் இருப்பேனாம்?"

"அப்படியெல்லாம் எழுதலை."

"கணக்குப் போடுங்க. படிச்சவருதானே."

போட்டேன். "முப்பத்தஞ்சு. கூடவும் ஆகலாம்."

"அப்ப உங்களுக்கு என்ன வயசு ஆகியிருக்கும்?"

"அறுபத்தெட்டு."

தலையை ஆட்டினார். திருப்தியான முகம். கொஞ்ச நேரம் கழித்து, பாத்ரூம் போக வேண்டும் என்று கையை நீட்டினார். நான் இருந்த பக்கம் நீட்டவில்லை. சுற்றிக்கொண்டு போய்ப் பிடித்தேன்.